அடியில் வந்தவர்

2006-ஆம் ஆண்டு, பங்குனி மாதத்தின் ஒரு பிற்பகல். பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புதுச்சேரி சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, என் அக்காவைக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். அன்று காலையில்தான் அக்காவின் கணவருக்குக் கருமாதி முடிந்திருந்தது. கருமாதி ஆனதும் பிறந்த வீட்டார் பெண்ணை அழைத்துப் போய்ச் சில நாள் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அந்தப் பயணம் அதிகபட்சம் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதில் நடந்ததை இதுவரை நான் முழுதாக யாருக்கும் சொன்னதில்லை.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வாங்கி நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது. டிக்கி நீண்ட, தாழ்வான குடும்பக் கார். தாழ்வாக இருந்ததுதான் எனக்குப் பிடித்தது. சாலையோடு ஒட்டிக்கொண்டு ஓடுவது போலிருக்கும். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம், எவ்வளவு என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள். அது ஆள் ஏறாத காருக்கான கணக்கு என்பதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

யோசித்தவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். டவுனில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். எதை வாங்கினாலும் அடியைப் பார்ப்பது அவர் பழக்கம். குடத்தைக் கவிழ்ப்பார், நாற்காலியைத் தலைகீழாகத் திருப்புவார், பலாப்பழத்தைக்கூடப் புரட்டுவார். கடைக்காரர்கள் சிரித்தாலும் விடமாட்டார். "மேல் பக்கம் விக்கறதுக்கு, அடிப்பக்கம் வெச்சுக்கறதுக்கு" என்பார்.

கார் வாங்கிய வாரம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரைத் திருப்ப முடியாது என்பதால் தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து, ஒருக்களித்துப் படுத்து அடியில் கையை விட்டார். பிறகு எங்கள் எல்லோரையும் காருக்குள் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் கையை விட்டுப் பார்த்தார். இந்த முறை கை சரியாக நுழையவில்லை.

"இன்னா மச்சான், ஆளு ஏறாத வரைக்கும்தான் இது காரு. ஏறுனா பாம்பு. வயித்தால போவும்" என்றார்.

சொல்லிவிட்டு, பின் இருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே அடித் தகட்டைத் தட்டினார். அவசரமாக இரண்டு தட்டு, சற்று விட்டு ஒன்று. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அக்கம்பக்கம் விழித்துக்கொள்ளாமல் அக்கா மட்டும் எழுந்து வருவதற்காக அவர் கதவைத் தட்டும் தட்டு அது. அக்கா காலைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். "அடியில இருந்துகினு இன்னா வெளையாட்டு, எழுந்து வாங்க" என்றாள். மாமா எழுந்து துண்டை உதறிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

அடுத்து அவருக்காக அந்தக் காரை நான் எடுத்தது, அவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்த அன்று.

கருமாதி நாளில் காரில் ஐந்து பேர். நான் ஓட்டினேன். பக்கத்தில் பெரியப்பா. பின்னால் இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் என் மனைவி. நடுவில் எங்கள் ஐந்து வயது மகள், அக்காவின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டிக்கியில் அக்காவின் டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை அரிசி, ஒரு பித்தளை அண்டா, இடம் இருந்த இடத்திலெல்லாம் தேங்காய். பின் சக்கரங்களின் மேல்பாதி கார் உடம்புக்குள் அமுங்கியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் யாராவது ஒருவர், "பாத்துப் போ, லோடு ஜாஸ்தியா இருக்குது" என்றிருப்பார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. வீட்டாரும் பார்த்துப் போ என்று சொல்வதில்லை. எல்லோரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த விஷயங்களில் பெரியப்பா கண்டிப்பானவர். கார் நகர்ந்ததும் சொன்னார்: "யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. வழியில எங்கயும் நிக்கக் கூடாது. நேரா வீடு."

"ஓட்டறவன் கண்ணாடியில பாக்கணுமே பெரியப்பா."

"கண்ணாடியில பாக்கறதும் பாக்கறதுதான்" என்று சொல்லிக் கையை நீட்டி, உள் கண்ணாடியைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். துக்க நாளில் அவரோடு வழக்காட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் விலை குறைந்த மாடல்களில் வெளிக் கண்ணாடி ஓட்டுநர் பக்கம் மட்டும்தான் இருக்கும். ஆக, காரின் இடப்பக்கப் பின்புறம் எனக்கு முழுதாக மறைந்துபோனது.

கிராமத்தைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் சாலை நெடுக உளுந்துச் செடி காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அறுவடைக் காலத்தில் இது சகஜம். ஓரத்தில் கல்லை வைத்துவிட்டு, செடியைத் தார் மேல் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். எங்களுக்கு முன்னால் போன ஏதோ வண்டி செடியை நடுவில் குவித்துவிட்டுப் போயிருந்தது. சக்கரம் அதன் இரு பக்கமும் போக, குவியல் மேல் காரின் வயிறு போயிற்று. சரசரவென்று சத்தம் நீண்டுகொண்டே வந்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வேகம் குறைந்தது. ஓரத்தில் களைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து, கையிலிருந்த கோலை உயர்த்தி ஏதோ சொன்னாள். கண்ணாடி ஏற்றி ஏசி போட்டிருந்ததால் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"நிக்காத. போ" என்றார் பெரியப்பா. போனேன்.

அதன் பிறகு சத்தம் நிற்கவில்லை. சரசரப்பு மெலிந்து, நகத்தால் தகட்டைக் கீறுவது போலாயிற்று. ரேடியோ போடவில்லை, யாரும் பேசவில்லை. அதனால் நன்றாகக் கேட்டது. தவளக்குப்பம் தாண்டிய பிறகு, கீறலுக்கு நடுவே இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. தட்டுகிற சத்தம். அவசரமாக இரண்டு, சற்று விட்டு ஒன்று.

எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று முதலில் நினைத்தேன். உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். கேட்டதையும் தோன்றியதையும் பிரித்துப் பார்ப்பது பழகிப்போன காரியம். வேகத்தைக் கூட்டினேன். தட்டு வேகமாயிற்று. குறைத்தேன். தட்டு நிதானமாயிற்று. ஆனால் அந்த வரிசை மாறவில்லை.

அப்போது பின்னாலிருந்து மனைவி என் தோளில் கைவைத்தாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் முகத்தையோ அக்காவின் முகத்தையோ என்னால் பார்க்க முடியவில்லை.

அரியாங்குப்பத்துக்குள் நுழைந்ததும் வேகத்தடைகள் ஆரம்பித்தன. ஏதாவது விபத்து நடந்தால் தெருக்காரர்களே ஜல்லியும் சிமென்டும் போட்டு எழுப்பிவிடுகிற வேகத்தடைகள். இரண்டு ஒரே உயரத்தில் இருக்காது. எவ்வளவு மெதுவாக ஏற்றினாலும் காரின் வயிறு அதன் முதுகில் உராய்ந்துதான் இறங்கியது. ஒவ்வொரு முறையும் பின் இருக்கையில் அக்கா "ஸ்..." என்று பல்லைக் கடித்து மூச்சை இழுப்பது கேட்டது. அடிபட்டவர்கள் இழுப்பது போல.

பிறகு அந்த வாசனை வந்தது. சுருட்டு வாசனை. காருக்குள் யாரும் புகை பிடிக்கிறவர்கள் இல்லை. ஏசிக் காற்றில் மெல்லிய இழையாக வந்தது, போயிற்று, திரும்ப வந்தது. பெரியப்பா மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். பிறகு முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு, மடியில் இருந்த கைகளைக் கோத்துக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. ஏதோ சாமி பெயராக இருக்க வேண்டும்.

அரியாங்குப்பம் பாலத்தின் மேல் நல்ல வெயில். கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் பார்வை காருக்குள் இருந்த எங்கள் மேல் விழவில்லை. காரின் அடியில் விழுந்தது. முருங்கப்பாக்கத்தில் கடை வாசலில் நின்ற பெண்கள் இருவரும் அப்படித்தான் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் கையை வைத்துப் பின்வாங்கினாள். கார் போனால் குரைத்துக்கொண்டு துரத்துகிற தெருநாய் ஒன்று வாலை ஒடுக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடியது. ஊரே எங்களை விட்டுவிட்டு எங்களுக்குக் கீழே இருந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் முதுகு சிலிர்ப்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து கையை ஆட்டினார். "சாவு வீட்டுல இருந்து வரவங்கள வழி மறிக்கிறான் பாரு. நீ போ" என்றார் பெரியப்பா. மோட்டார் சைக்கிள் பின்தங்கிவிட்டது.

முதலியார்பேட்டையில் ரயில்வே கேட் போட்டிருந்தால் நிற்க வேண்டியிருக்கும் என்று பெரியப்பா சொன்னதால், உப்பளம் வழியாகத் திருப்பினேன். நிற்கவே கூடாது என்பதற்காக எடுத்த சுற்றுவழி அது. திரும்பியதும் ஒரு வேகத்தடை. கார் முனகிக்கொண்டு ஏறி, உராய்ந்து, இறங்கியது. தட்டு நின்றது. பிறகு மறுபடி கேட்டது. இரண்டு. ஒன்று.

"வண்டிய நிறுத்துடா தம்பி" என்றாள் அக்கா.

பதினாறு நாளில் அவள் பேசி நான் கேட்டதே கொஞ்சம். அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அவள் குரலில் அழுகை இல்லை. கடையில் சில்லறை கேட்பது போன்ற சாதாரணக் குரல்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான். வீட்டுக்குப் போய்தான் எறங்கணும்" என்றார் பெரியப்பா.

"அவரு எறங்கணுமாம்."

பெரியப்பா பின்னால் திரும்பப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அடியில தொங்கிக்கினு வராரு பெரியப்பா. அங்கேருந்து அப்படியேதான் வராரு. ஒவ்வொரு மோட்டுலயும் முதுகு இடிக்குது. உங்களுக்குக் கேக்கலியா?"

"பித்து புடிச்சாப்புல பேசாதம்மா. இப்ப நிறுத்துனா அது நம்மகூடவே வூட்டுக்கு..."

"வந்தா வரட்டும். உள்ள வந்து உக்காரச் சொல்லு. மனுசன் எத்தினி தூரம்தான் தரையோட தேஞ்சிக்கினு வருவாரு? அவரு கை இங்க காலுக்குக் கீழ சுடுது. தொட்டுப் பாரு."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்கியது. மனைவி குனிந்து அக்காவின் காலடியில் கைவைத்திருக்கிறாள். "ஐயோ, சுடுதுங்க" என்றாள்.

பிரேக்கை மிதித்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்தார். தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

வெளியே வந்ததும்தான் எல்லாம் கேட்டது. சாலையோரம் மாலை வியாபாரத்துக்கு மீன் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றி இடப்பக்கம் வந்தேன். பின் சக்கரத்துக்கு முன்னால், காரின் வயிற்றிலிருந்து ஒரு கட்டு உளுந்துச் சக்கை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் நெருப்பு. எரிந்த துண்டுகள் தாரில் விழுந்து கனன்றுகொண்டிருந்தன. வந்த வழியெல்லாம், கண்ணுக்கு எட்டிய வரை, கருப்புப் பொட்டுகள். ஓடும் வரை காற்றில் பின்னோக்கிப் படுத்திருந்த தீ, கார் நின்றதும் நிமிர்ந்து பின் கதவைத் தொட்டது.

பின் இருக்கைக்கு அடியில்தான் பெட்ரோல் டாங்க். அதன் மேல் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்காகப் பின் கதவுகளில் பூட்டுப் போட்டிருந்தேன். உள்ளேயிருந்து திறக்காது. வலப்பக்கம் ஓடித் திறந்து, மனைவியை இழுத்தேன். அக்கா குழந்தையை நீட்டினாள். வாங்கிய பிறகும் அவள் இறங்கவில்லை. காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். பெரியப்பா அதற்குள் இறங்கிப் போய் டிக்கியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ பெருசு, மூட்டைய வுட்டுட்டு இந்தாண்ட வா" என்று ஒரு மீன்காரம்மா அவரை நெட்டித் தள்ளினார். தன் ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, குனிந்து, மீனும் தண்ணீரும் ஐஸுமாகக் காருக்கு அடியில் வீசினார். அடுத்தவர் தன் அன்னக்கூடைத் தண்ணீரைக் கொண்டுவந்தார். மற்றவர்கள் ஓரத்து மண்ணை முறத்தால் வாரி அடித்தார்கள். தீ உஸ்ஸென்று சத்தம் போட்டு, வெள்ளைப் புகையாகி, அணைந்தது. நான் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

முதலில் ஊற்றியவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அக்காவின் வெறும் நெற்றியில் அவர் கண் நின்றது.

"காரியம் பண்ணிட்டு வரீங்களா?" என்றார். நான் தலையசைத்தேன். "போனவரு போய்ட்டாரு. அதுக்குன்னு குடும்பத்தோட பின்னாடியே போவணுமா? அந்தாண்ட மூலையிலேருந்து கத்தறோம், காது கேக்கல?"

பெரியப்பா மெல்ல, "வழியில நிக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தார்.

"நின்னீங்க. அதான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தாரில் சிதறிக் கிடந்த தன் மீன்களைப் பொறுக்கப் போய்விட்டார். என் மனைவியும் போய் அவரோடு சேர்ந்து பொறுக்கினாள்.

நான் அக்காவைத் தேடினேன். அவள் காரின் மறுபக்கம், ஈரத் தரையில் குந்தியிருந்தாள். அடியில் புகை இன்னும் சுருண்டுகொண்டிருந்தது. தலையைச் சாய்த்து, அந்த இருட்டுக்குள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை உள்ளே நீட்டினாள். ஆட்கள் இறங்கியிருந்ததால் கார் சற்று உயர்ந்திருந்தது. அவள் கை தாராளமாக நுழைந்தது. எதைத் தொட்டாளோ தெரியாது. கையை எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எறங்கிட்டாரு. போவலாம்" என்றாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் மெக்கானிக் காரைத் தூக்கி அடியைக் காட்டினார். சைலன்சர் குழாயைச் சுற்றி உளுந்துச் சக்கை கயிறு போல முறுக்கிக்கொண்டிருந்தது. குழாயின் சூட்டில் கனிந்து, வேகத்தடைகளில் உராய்ந்து, இறுகி, கடைசியில் பற்றிக்கொண்டது என்றார். காரில் ஆளும் லோடும் குறைவாக இருந்திருந்தாலோ, கார் நாலு விரல் உயரமாக இருந்திருந்தாலோ சக்கை வயிற்றில் சிக்கியே இருக்காதாம். பெட்ரோல் குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கொக்கி உருகி வழிந்திருந்தது. அதை விரலால் தொட்டுக்காட்டி, "இன்னும் ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறியிருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். கார் தீப்பிடித்த செய்திகளை நானே எத்தனையோ திருத்தியிருக்கிறேன். காரணம் தெரியாதபோது 'மின்கசிவு காரணமாக இருக்கலாம்' என்று ஒரு வரி சேர்ப்போம். அந்த வரியை நினைத்துக்கொண்டேன்.

தட்டுச் சத்தம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்டேன். சூடு மேலே ஏறாமல் தடுக்கும் ஒரு தகடு திருகு விட்டு ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் கையால் ஆட்டிக் காட்டினார். கடகடவென்று ஒரே சீராக அடித்தது. இரண்டும் ஒன்றுமாக அடிக்கவில்லை. "ஓடும்போது வேற மாரி அடிச்சிருக்கும் சார்" என்றார். இருக்கலாம்.

மிஞ்சிய சக்கையில் ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கொல்லையில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். மனைவியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "உளுந்து கருகுன வாசனை" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சுருட்டு வாசனை இல்லை. ரப்பரும் ஆயிலும் சேர்ந்து கருகினால் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் கொளுத்திப் பார்க்கவில்லை.

அந்தக் காரைக் கொடுத்துவிட்டு உயரமான ஒன்றை வாங்கினேன். வாங்கும் முன் கம்பெனித் தாளில் இருந்த அளவைப் பார்க்கவில்லை. வீட்டில் எல்லோரையும் உள்ளே உட்காரச் சொல்லி, ஷோரூம் வாசலிலேயே துண்டை விரித்துப் படுத்து, அடியில் கையை விட்டேன். விற்பனையாளர் என்னைப் பார்த்தது போலத்தான் பாத்திரக் கடைக்காரர்கள் முன்பு மாமாவைப் பார்ப்பார்கள். அக்கா உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே லேசாகத் தட்டினேன். சும்மா ஒரு தட்டுதான். சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் காலால் பதில் வந்தது. அவசரமாக இரண்டு, சற்று விட்டு ஒன்று.

நிற்கக் கூடாது என்ற நம்பிக்கை எங்களை எரிக்கப் பார்த்தது, அவரை இறக்கிவிட வேண்டும் என்ற அக்காவின் நம்பிக்கை எங்களைக் காப்பாற்றியது. இரண்டில் எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் காருக்குள் யார் "நிறுத்து" என்றாலும், காரணம் கேட்பதற்கு முன்னால் என் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது.